கைப்பிடி திரும்பி அடிக்கிறது, தப்பு யார் மேல்?

கேள்வி: அண்ணா, எண்ணூர், மணலி பக்கம் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறேன். போன மாதம் யார்டில் ட்ரெய்லரைக் கழற்றி நிறுத்தும்போது, முன்பக்க இரும்புக் காலை இறக்கும் கைப்பிடி நழுவிச் சுழன்று மணிக்கட்டில் அடித்துவிட்டது. "எல்லாரும்தான் சுத்துறாங்க, உனக்குச் சுத்தத் தெரியலை" என்கிறார் சூப்பர்வைசர். தப்பு என் மேல்தானா?
(ஒரு டிரைவர், திருவொற்றியூர்)

பதில்: தம்பி, முதலில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், வீக்கம் வடிந்துவிட்டதே என்று சும்மா இருக்காதீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. அந்தக் காலுக்கு இரண்டு கியர் உண்டு. ஒன்று வேகமாக நகர்த்தும், ஆனால் பாரம் தாங்காது. இன்னொன்று பாரத்தோடு நகர்த்தும், ஆனால் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். கிரீஸ் காய்ந்து, கடல் காற்றில் துரு ஏறி, பல்லும் தேய்ந்த காலில், கைப்பிடி மாட்டுகிற தண்டு இந்தக் கியரிலும் இல்லாமல் அந்தக் கியரிலும் இல்லாமல் நடுவில் நின்றுவிடும். அது நமக்கு வெளியிலிருந்து தெரியாது. அழுத்திச் சுற்றும்போது பல் விட்டுப்போனால், மேலே இருக்கிற பாரம் மொத்தமும் கைப்பிடியைத் திருப்பி அடிக்கும்.

நானும் பதினாலு வருஷம் ட்ரெய்லர் ஓட்டியவன். அதில் ஒரு வண்டியில் ஸ்டெப்னி கூண்டைக் கைப்பிடியிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். முழுச் சுற்றுப் போட முடியாது. பாதி சுற்றி, உருவி, மறுபடி மாட்டி, மறுபடி பாதி. அந்த வண்டியில் இருந்த வரைக்கும் என் வலது கை முட்டியில் தோல் ஆறவே இல்லை. கைப்பிடியைத் தொங்கவிடுகிற கொக்கியும் போய்விட்டதால் கட்டுக்கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தோம், ஓடும்போது அவிழ்ந்தால் பக்கத்தில் வருகிற பைக்காரனின் கதி என்ன? ட்ரெய்லர் ஆர்டர் கொடுக்கும்போது விலை கேட்கிறார்கள், எடை கேட்கிறார்கள், எத்தனை டயர் என்று கேட்கிறார்கள். பட்டறையில் நின்று அந்தக் கைப்பிடியை ஒரே ஒரு தடவை சுற்றிப் பார்த்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. 2018-ல் பெரிய ட்ரெய்லர் வண்டிகளின் மொத்த எடை உச்சவரம்பு 49 டன்னிலிருந்து 55 டன் ஆனது. பாரத்தைக் கூட்ட இருந்த அவசரம் இந்தக் கைப்பிடி மேல் யாருக்கும் வரவில்லை, அதுதான் எனக்கு ஆறாத கோபம்.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? தண்டு முழுசாக உட்கார்ந்ததா என்று வெறும் கையால் லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டுச் சுற்றுங்கள். முகம் கைப்பிடிக்கு நேராக இருக்கக் கூடாது, ஒரு பக்கமாக நில்லுங்கள். மழை பெய்து சேறான யார்டில் காலுக்கு அடியில் கட்டாயம் மரக்கட்டை வையுங்கள். இல்லாவிட்டால் கால் புதைந்து ட்ரெய்லர் முன்பக்கம் தாழ்ந்துவிடும், அடுத்து மாட்ட வருகிறவன் அத்தனை பாரத்தையும் கையால் தூக்க வேண்டும். காலுக்குக் கிரீஸ், புதுக் கொக்கி இரண்டும் ஒரு நாள் வேலை. வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். படம் எடுத்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், தேதியோடு இருக்கட்டும்.

கேள்வி: கன்டெய்னர் லாக் துருப்பிடித்து, சுத்தியலால் அடித்துத்தான் திறக்கிறோம். காலி கன்டெய்னர் என்றால் பூட்டாமலே ஓட்டுகிறோம். பரவாயில்லையா?
(ஒரு வாசகர், மீஞ்சூர்)

பதில்: இரண்டுமே கூடாது. நாலு மூலையில் ஒரு லாக் திறக்காமல் மாட்டியிருந்தால், கிரேன் கன்டெய்னரைத் தூக்கும்போது ட்ரெய்லரும் சேர்ந்து எழும்பும். ஒரு யார்டில் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியதை என் கண்ணால் பார்த்தேன், கேபினுக்குள் டிரைவர் உட்கார்ந்திருந்தார். காலி என்று பூட்டாமல் போவது அதைவிட மோசம். 40 அடி காலி கன்டெய்னர் ஏறக்குறைய 3,700 கிலோதான், ஆனால் காற்றுக்குக் காட்டுகிற பக்கம் ஒரு பெரிய சுவர் அளவு. மேம்பால வளைவில் அது தானாக நிற்கும் என்று நம்பாதீர்கள். லாக் திரும்பவில்லையென்றால் கழற்றி மாற்றச் சொல்லுங்கள், சுத்தியலால் அடிக்க அடிக்க அதன் தலை இன்னும் கெட்டுப்போகும்.

கேள்வி: என் கணவர் ட்ரெய்லர் டிரைவர். மழையில் ட்ரெய்லர் பிரேக்குக்குக் காற்று போகிற ஹோஸ் மாட்ட ஏறி, வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. இதற்கு வழியே இல்லையா?
(ஒரு வாசகி, மாதவரம்)

பதில்: இருக்கிறது அம்மா. கேபினுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் கிரீஸ் படிந்த சேஸிஸ் மேல் ஒரு காலும் டீசல் டேங்க் மேல் ஒரு காலும் வைத்து, பிடிக்க ஒன்றும் இல்லாமல் நின்றுதான் அவர் மாட்டியிருப்பார். சொரசொரப்பான தகடு ஒன்று, கேபின் பின்பக்கம் ஒரு கைப்பிடிக் கம்பி, இவ்வளவுதான் வேண்டும். சிவப்பு, மஞ்சள் ஹோஸ் இரண்டும் அழுக்கில் ஒரே நிறமாகிவிட்டிருந்தால் முனையில் புதுப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். மாற்றி மாட்டினால் ட்ரெய்லர் பிரேக் சரியாக வேலை செய்யாது. ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தத் தகடு, கம்பி வெல்டிங்கை முடித்துக் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் நீங்களே போனில் கேளுங்கள், தயங்க வேண்டாம்.