டெஸ்ட் வால்வைத் திறந்து 50 விநாடி கழித்துத்தான் மணி அடிக்கிறது: ஃப்ளோ ஸ்விட்ச் பழுதா?

கேள்வி: எங்கள் குடியிருப்பு சென்னை ஓ.எம்.ஆர். பக்கம். ஸ்டில்ட்டும் (தூண்கள் நிற்கும் கார் நிறுத்தத் தளம்) அதற்கு மேல் 14 மாடிகளும். காரிடாரிலும் கார் நிறுத்தும் இடத்திலும், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருக்கிறது. அதன் குழாயில் தண்ணீர் ஓடினால் மணியடிக்க வைக்கும் ஃப்ளோ ஸ்விட்ச், தளத்துக்கு ஒன்றாக 15. ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) கேட்டு வந்த ஒருவர் ஒன்பதாவது மாடியில் டெஸ்ட் வால்வைத் திறந்து காட்டினார். மணி அடிக்க 50 விநாடிக்கு மேல் ஆனது. "கோட்படி உடனே அடிக்க வேண்டும். பதினைந்தும் போய்விட்டது, மொத்தமாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் தீயணைப்புத் துறை உரிமம் புதுப்பிக்க முடியாது" என்கிறார். உண்மையா? (குடியிருப்போர் சங்கச் செயலாளர்)

பதில்: மாற்ற வேண்டாம். 50 விநாடியில் அடித்த ஸ்விட்ச் ஒழுங்காக இருக்கிறது. உடனே அடித்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

'கோட்' என்று சொல்லிப் பயமுறுத்துபவரிடம் முதலில் எந்தக் கோட் என்று கேளுங்கள். நம் ஊரில் ஸ்பிரிங்க்ளருக்கு ஐ.எஸ். 15105, அலாரத்துக்கு ஐ.எஸ். 2189, இரண்டுக்கும் மேலே தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி. மாநில விதிகள் தனி. இவை ஒன்றோடொன்று முழுதாக ஒத்துப்போவதும் இல்லை. உயர்ந்த கட்டடம் என்பது தேசியத் தொகுப்பில் 15 மீட்டரில் தொடங்குகிறது, தமிழ்நாட்டின் 2019 விதிகளில் 18.30 மீட்டருக்கு மேல் தொடங்குகிறது. இந்த எளிய கேள்விக்கே இரண்டு பதில் இருக்கும் ஊரில், "கோட்படி" என்ற ஒரு சொல்லை வைத்தே பிழைப்பு நடத்த முடிகிறது. அலாரம் எத்தனை விநாடியில் அடிக்க வேண்டும் என்பதற்கு ஆலோசகர்கள் எடுத்துக்காட்டுவது அமெரிக்க விதியான என்.எஃப்.பி.ஏ. 72. ஒரே ஒரு ஸ்பிரிங்க்ளர் தலை, அதுவும் இருப்பதிலேயே சிறிய துளையுள்ள தலை திறந்து தண்ணீர் ஓடினால், 90 விநாடிக்குள் ஃப்ளோ ஸ்விட்ச் சிக்னல் கொடுத்தாக வேண்டும் என்கிறது அது. அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனல் அதைப் படித்து மணியடிக்க இன்னும் 10 விநாடி. உடனே அடிக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

தாமதம் எதற்கு? ஃப்ளோ ஸ்விட்ச் என்பது குழாய்க்குள் நிற்கும் ஒரு பிளாஸ்டிக் துடுப்பு. தண்ணீர் ஓடினால் அது சாயும். சாய்ந்ததும் வெளியே பெட்டிக்குள் காற்றுப் பை மாதிரி ஒன்று மெதுவாக இறங்கும். அது இறங்கி முடிந்த பிறகுதான் ஸ்விட்ச் தட்டும். இந்த இறங்கும் நேரத்தைச் சுழியத்திலிருந்து ஏறக்குறைய 90 விநாடி வரை ஒரு சிறிய டயலில் மாற்றலாம். அழுத்தம் குறையாமல் காக்கும் சிறிய ஜாக்கி பம்ப் ஓடி நிற்கும்போதெல்லாம் குழாயில் தண்ணீர் ஓர் உதறு உதறும், துடுப்பு அசையும். தாமதம் இல்லையென்றால் இரவு இரண்டு மணிக்கு மணி அடிக்கும். மூன்று நாள் அப்படி அடித்தால் நான்காம் நாள் செக்யூரிட்டி ஹூட்டர் ஒயரைக் கழற்றி வைத்துவிடுவார். 30 முதல் 60 விநாடிக்குள் வைப்பது நல்லது. உங்களுடையது அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது.

ஆனாலும் அன்று நடந்த சோதனையை நான் முழுதாக நம்பமாட்டேன். காரணம் டெஸ்ட் குழாய். அது 25 மி.மீ. குழாய். அதன் முனையில், உங்கள் கட்டடத்தில் உள்ள மிகச் சிறிய ஸ்பிரிங்க்ளர் தலைக்குச் சமமான துளை இருக்க வேண்டும். வழக்கமான கே 80 தலை (கே என்பது ஒரு தலை எவ்வளவு தண்ணீர் விடும் என்பதைக் காட்டும் எண்) என்றால் அரை அங்குலத் துளை. நம்மூரில் பெரும்பாலும் வெறும் பால் வால்வைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அதை முழுதாகத் திறந்தால் ஒரு தலை விடுவதைப் போலப் பல மடங்கு தண்ணீர் பாயும், இறுகிப்போன துடுப்பும் சாய்ந்துவிடும். மணி அடிக்கும், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். நிஜத் தீயில் ஒரே ஒரு தலை வெடித்தால் அதே துடுப்பு அசையாமல் நிற்கக்கூடும். தீர்வு மலிவானது: அந்த முனையில் கே 80 அளவுத் துளை உள்ள ஒரு பொருத்தியைப் போடச் சொல்லுங்கள். கண்ணாடி பல்பையும் சட்டத்தையும் நீக்கிய ஒரு ஸ்பிரிங்க்ளர் தலையே போதும்.

பிறகு நீங்களே சோதியுங்கள். குடியிருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேனலில் அலாரம் வந்தால் லிஃப்ட் கீழே இறங்கும்படியோ காற்றழுத்த விசிறி ஓடும்படியோ அமைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒருவர் செல்போனோடு பேனல் முன்னால், ஒருவர் வால்வு அருகில். வால்வு முழுதாகத் திறந்த கணத்திலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை விநாடி, பேனலில் வந்த தளத்தின் பெயர் சரிதானா, இரண்டையும் எழுதுங்கள். ஒன்பதாவது மாடியில் தண்ணீர் ஓட, பேனல் ஏழாவது மாடி என்று காட்டுவது அபூர்வமே இல்லை. வால்வை மெதுவாக மூடுங்கள். சட்டென்று மூடினால் குழாய் அதிரும். முடிந்ததும் அந்தத் தளத்தின் பட்டர்ஃபிளை வால்வு திறந்த நிலையில் இருக்கிறதா, பம்ப் ஆட்டோவில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் மறந்துபோவது இந்தக் கடைசி வேலைதான்.

தண்ணீர் வீணாகுமே என்று சங்கக் கூட்டத்தில் யாராவது எழுந்து நிற்பார். கே 80 தலை 2 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 113 லிட்டர் விடும். கீழ்த்தளத்தில் 7 பார் இருந்தால் சுமார் 212 லிட்டர். தளத்துக்கு ஒன்றரை நிமிடம் வைத்தாலும் பதினைந்துக்கும் சேர்த்து நாலாயிரம் லிட்டர் போலத்தான் வரும், ஒரு டேங்கர் லாரி அளவுகூட இல்லை. டிரெயின் குழாய் தரைத்தொட்டிக்கே திரும்பினால் அதுவும் மிச்சம். டிரெயின் குழாய் இல்லாமல் படிக்கட்டில் கொட்டும்படி விட்டிருந்தால், பல வருடமாக அங்கே யாருமே சோதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

விநாடிக் கணக்கு கையில் வந்ததும் எதை மாற்றுவது என்பது தெளிவாகிவிடும். பத்து விநாடிக்குள் அடித்தால் டயலைக் கொஞ்சம் கூட்டுங்கள். தொண்ணூறைத் தாண்டினால் குறையுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேலை, புதுப் பொருள் தேவையில்லை. பேனலிலும் தனியாகத் தாமதம் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டும் கூடி இரண்டு நிமிடத்தைத் தாண்டும் இடங்கள் உண்டு. பேனலில் உள்ளதை எடுத்துவிட வேண்டும். அடிக்கவே இல்லை என்றால் தண்ணீரை ஓடவிட்டு, ஸ்விட்ச் முனைகளில் மல்ட்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். காண்டாக்ட் மாறுகிறது, பேனல் மட்டும் பேசவில்லை என்றால் பழுது ஒயரிலோ, ஸ்விட்ச்சைப் பேனலோடு இணைக்கும் மானிட்டர் மாட்யூலிலோ; ஸ்விட்ச்சைத் தொட வேண்டாம். ஓடும்போது மூடும் முனைக்குப் பதில் ஓடாதபோது மூடும் முனையில் ஒயரைக் கட்டியிருந்தாலும் எல்லாம் தலைகீழாக இருக்கும். தண்ணீர் ஓடியும் காண்டாக்ட் மாறவே இல்லை என்றால்தான் துடுப்போ காற்றுப் பையோ கெட்டிருக்கிறது. அப்போது அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஒரு விசித்திரமும் நடக்கும். தண்ணீர் விட்டு விட்டுப் பாயும், மணி அடிக்காது. குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று பொருள். ஓட்டம் ஒரு கணம் நின்றாலே காற்றுப் பை உடனே மேலே ஏறி, எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். காற்றை வெளியேற்றினால் சரியாகிவிடும். இதைக் காட்டித்தான் ஸ்விட்ச்சுகளை விற்கிறார்கள்.

மாற்ற நேர்ந்தால் அருகில் ஒருவர் நிற்கட்டும். குழாயில் துளையை, வட்டமாக அறுக்கும் ஹோல்சா வைத்துத்தான் போட வேண்டும். கேஸ் கட்டர் கூடாது. 50, 65 மி.மீ. குழாய்க்கு ஒன்றேகால் அங்குலத் துளை, அதற்கு மேல் 200 மி.மீ. வரை இரண்டு அங்குலம். வெட்டி எடுத்த வட்டத் தகட்டை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். தரவில்லையா? அது குழாய்க்குள் இருக்கிறது. துடுப்பு அந்தக் குழாயின் அளவுக்கே வந்ததாக இருக்க வேண்டும், கத்தரியால் நறுக்கியது ஆகாது. பெட்டியில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில். வளைவிலிருந்து 15 செ.மீ., வால்விலிருந்தும் டிரெயினிலிருந்தும் 60 செ.மீ. தள்ளி. நம் ஷாஃப்ட்டுகளில் அவ்வளவு இடம் விடுவதில்லை. வால்வை ஒட்டியே ஸ்விட்ச் உட்காரும், சுழலும் தண்ணீரில் துடுப்பு நடுங்கும், பொய் அலாரம் வரும், யாரோ டயலைக் கடைசி வரை திருகிவிடுவார். தாமதத்தின் கதை பல இடங்களில் இப்படித்தான் தொடங்குகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதே ஆள் அடுத்த முறை வேறு பக்கமாக வருவார். "இருபது தலைக்கு மேல் இருந்தால்தான் ஃப்ளோ அலாரம் கட்டாயம், உங்கள் காரிடாரில் பதினான்குதானே இருக்கிறது, பழுதானதை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டுத் தருகிறேன், செலவு மிச்சம்" என்பார். இருபது என்ற எண் பொய்யில்லை. இருபதுக்கு மேல் தலைகள் உள்ள ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளர் அமைப்புக்கும் ஓட்ட அலாரம் வேண்டும் என்று ஸ்பிரிங்க்ளருக்கான அமெரிக்க விதி என்.எஃப்.பி.ஏ. 13 சொல்கிறது. ஆனால் எண்ணுவது தளத்துக்கு அல்ல, அமைப்புக்கு. ஒரு ரைசரிலிருந்து (மாடிகளுக்கு ஏறும் செங்குத்துக் குழாய்) தண்ணீர் வாங்கும் தலைகள் எல்லாம் ஒரே கணக்கு. தளத்துக்குப் பதினான்கு, பதினைந்து தளம், மொத்தம் 210. இந்த விலக்கு, ஓரறைக் கடைக்கோ தனியாக நிற்கும் சிறிய ஜெனரேட்டர் கொட்டகைக்கோ பொருந்தும். உங்களுக்கு எந்தக் கோணத்தில் பார்த்தாலும் பொருந்தாது. "பம்ப் அறையில்தான் தண்ணீரிலேயே ஓடும் மணி இருக்கிறதே, அது போதும்" என்பது இதன் தம்பி. அந்த மணி தண்ணீர் ஓடுகிறது என்று சொல்லும், எந்த மாடியில் என்று சொல்லாது. 14 மாடியையும் புகையில் தேடிக்கொண்டு யார் ஏறுவது?

இன்னொரு குழப்பம்: ஃப்ளோ ஸ்விட்ச் பம்பை ஓட வைப்பதில்லை. பம்பை ஓட வைப்பது பம்ப் அறையில் உள்ள பிரஷர் ஸ்விட்ச். அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் ஜாக்கி பம்ப், மேலும் குறைந்தால் மெயின் பம்ப், அதுவும் முடியாவிட்டால் டீசல். எங்கோ கசிவு இருந்து ஜாக்கி அடிக்கடி ஓடுகிறது என்று பம்பை மேனுவலில் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் அலாரம் அழகாக அடிக்கும், குழாயில் இருக்கும் தண்ணீரோடு எல்லாம் முடிந்துபோகும். தளத்தின் வால்வு மூடிக் கிடந்தாலோ தண்ணீரே வராது, ஃப்ளோ ஸ்விட்ச் வாயே திறக்காது. அதைச் சொல்ல வேண்டியது வால்வில் உள்ள டேம்பர் ஸ்விட்ச். அதன் சிக்னல் பேனலில் தீ அலாரத்திலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும், வால்வுச் சக்கரத்தை இரண்டு சுற்று மூடுவதற்குள் வர வேண்டும். இதையும் அன்றே திருகிப் பாருங்கள்.

உரிமத்துக்கு வருவோம். ஸ்விட்ச் புதிதா பழையதா என்பது கேள்வியே இல்லை, வேலை செய்கிறதா என்பதுதான். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கோப்பில் சேர்ந்துவிடும் என்பது இடைத்தரகர்களுக்குத் தெரியும். "நான் சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறேன்" என்பதன் முழு வியாபாரமும் அதில்தான் நிற்கிறது. வால்வைத் திறந்து கடிகாரம் பார்க்கும் ஒரே ஒரு வரியை ஆய்வுப் படிவத்தில் கட்டாயமாக்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. அதுவரை உங்கள் ஏ.எம்.சி. ஒப்பந்தத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை 15 தளத்திலும் தண்ணீர் ஓடவிட்டுச் சோதனை, பம்ப் அறையின் தண்ணீர் மணிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தளம், தேதி, விநாடி, பேனல் காட்டிய பெயர், உங்கள் தரப்பு ஆளின் கையெழுத்து. இரண்டு ஒயரைச் சேர்த்துப் பிடித்து மணியடித்துக் காட்டுவது சோதனையாகக் கணக்கில் வராது என்றும் ஒரு வரி. தாள் வந்த பிறகு பணம்.

மணி அடித்தால் தீயணைப்பு நிலையத்துக்குத் தானாகத் தகவல் போகும் என்று உங்கள் குடியிருப்பில் யாராவது நம்பிக்கொண்டிருந்தால், அப்படி எதுவும் போகாது என்று சொல்லிவிடுங்கள். போவது செக்யூரிட்டி அறைக்கு. 101-ஐ அழைக்க வேண்டியவர் இரவுக் காவலர். பேனல் எழுத்துகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். எந்த விளக்கு தீ, எது வால்வு மூடல், எது ஒயர் பழுது என்று தமிழிலோ அவருக்குத் தெரிந்த மொழியிலோ எழுதிப் பேனலுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.