இசை நாடகக் குழுக்கள் எந்த ஊருக்குப் போவது என்று எப்படி முடிவு செய்கின்றன? வெளிநாட்டுப் பெரிய குழுக்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஏன் வருவதில்லை?

எனக்குப் பட்டுக்கோட்டை பக்கம். அப்பா ஸ்பெஷல் நாடகங்களுக்கு, அதாவது ஒவ்வொரு ராத்திரிக்கும் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைத்துப் போடும் நாடகங்களுக்கு, ஆர்மோனியம் வாசித்தவர். அதனால் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பாவின் டைரியில் நாடகத்துக்கு ஒரு வரி: ஊர், தேதி, அட்வான்ஸ், பாக்கி. ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கும். மாசி பிறந்துவிட்டால் வைகாசி வரை எழுத இடம் இருக்காது. அடைமழையில் திடலில் மேடை போட முடியாது என்பது ஒன்று. சம்பா அறுவடையாகி நெல் விற்றால்தான் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் போடும் வரி) வசூலாகும், அப்புறம்தான் ஊரில் நாடகம் பேசுவார்கள் என்பது இன்னொன்று.

ஊர் பெரிசா சின்னதா என்று அப்பா கேட்டதில்லை. "பணத்துக்கு யாரு பொறுப்பு?" என்பார். ஒரு ஊரில் விழாக் கமிட்டி இரண்டாகப் பிரிந்து, விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்துவிட்டுப் பாக்கியை நீ கொடு, நான் கொடு என்று நின்றார்கள். ஆர்மோனியப் பெட்டியோடு டீக்கடை பெஞ்சில் பத்து மணி வரை அப்பா உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் அந்த ஊருக்கு அவர் போகவேயில்லை.

நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயிலிருந்து கிளம்பி அமெரிக்காவில் சுற்றும் நாடகங்களுக்கும் இதுதான் முதல் கேள்வி. உள்ளூர் அரங்கக்காரர் வாரத்துக்கு இவ்வளவு என்று உத்தரவாதம் தருவார். அதற்கு மேல் வசூலில் பங்கு. அந்தக் காலக் கம்பெனி நாடகங்களுக்கு இங்கே காண்டிராக்டர் செய்த வேலைதான் அது. வருடச் சந்தா கட்டிப் பார்க்கிறவர்கள் நிறைய இருக்கும் நகரங்களை விரும்புவதும் அதனால்தான். பொதுவாக வாரத்துக்கு எட்டுக் காட்சி. ஞாயிறு ராத்திரி செட்டைப் பிரித்து லாரியில் ஏற்றினால், செவ்வாய்க்குள் அடுத்த ஊரில் நிறுத்த வேண்டும். ஆகவே வழியில் விழுகிற ஊராகவும் இருக்க வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருப்பது மாதிரி.

மூன்றாவது விஷயம், மேடை. இதில்தான் நாம் அடிபடுகிறோம். 'தி பேன்டம் ஆஃப் தி ஓபரா' என்ற ஆங்கில இசை நாடகம் 2025 மார்ச்சில் மும்பைக்கு வந்தது. அதில் பெரிய சரவிளக்கு ஒன்று மேலேயிருந்து இறங்கி வரும். அந்தப் பாரத்தைத் தாங்கவும் படுதாக்களை மேலே இழுத்து மறைக்கவும் மேடைக்கு மேல் நல்ல உயரம் வேண்டும். அங்கே நீத்தா முகேஷ் அம்பானி மையத்தில் 2,000 இருக்கைகளோடு அப்படி ஓர் அரங்கம் இருக்கிறது. இங்கே இருப்பவை கல்யாண மண்டபங்களும் கோயில் திடல்களும். இரவு பத்து மணிக்குப் பாயை விரித்து, விடியும் வரை எழுந்திருக்காமல் பாட்டுக் கேட்கிற ஜனம் நம்முடையது. ஆளில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பங்குனியில் இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். எந்த ஊரில் நாடகம் என்று விசாரித்துச் சொல்கிறேன்.