பேஸ் கிட்டாருக்கு நூல் பிடித்தல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு ஆண்டுகளாகத் தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். சென்ற ஆண்டு தாத்தாவின் வீட்டை இடித்தபோது நான்கு அங்குல அகலமும் மூன்று அங்குலக் கனமும் உள்ள தேக்கு நிலைக்கால்கள் கிடைத்தன. அவற்றைக்கொண்டு வீட்டிலேயே நான்கு தந்தி மின் பேஸ் கிட்டார் ஒன்றைச் செய்துபார்க்க ஆசை. வீணையின் குடத்தைப்போல வட்டமான உடலை வரைந்து வைத்திருக்கிறேன். தேக்கில் நாதம் நன்றாக வருமா, அல்லது பலாவோ மஹோகனியோ வாங்கவேண்டுமா? நீங்கள் இரண்டு பேஸ் கிட்டார்கள் செய்ததாக ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். சற்று விரிவாக எழுத முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மரத்தைப் பற்றிய கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன். வீணையிலும் மிருதங்கத்திலும் பலாமரத்துக்கு இருக்கும் மதிப்பைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த நினைப்பு இயல்பானதே. ஆனால் மின் கிட்டாரில் தந்தியின் அதிர்வை எடுக்கும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமுடியளவே மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். தன்மேல் அதிரும் எஃகுத் தந்தி காந்தப்புலத்தைக் கலைக்கும்போது சுருளில் எழும் மின்னோட்டத்தைத்தான் அது ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிறதே தவிர, பலகையின் ஒலியைக் காற்றின் வழியாகக் கேட்பதில்லை. தந்தியின் அதிர்வு நீடிப்பதில் மரத்துக்கும் பங்குண்டு என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் செய்த இரண்டில் ஒன்று மஹோகனி, மற்றொன்று தேக்கு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எது என்று என்னால் இன்றுவரை சொல்ல முடிந்ததில்லை. ஆகவே தாத்தாவின் நிலைக்காலே போதும், புதிதாக எதுவும் வாங்கவேண்டாம்.

ஆனால் அறுவை மில்லுக்குக் கொண்டுபோவதற்கு முன், ஒரு காந்தத்தை நூலில் கட்டி நிலைக்காலின் எல்லாப் பக்கங்களிலும் ஓட்டிப் பாருங்கள். கீல் இருந்த இடங்களில் முறிந்த ஆணிகள் உள்ளே கிடக்கும். நூல் சட்டென்று ஒரு பக்கம் இழுபடும். 45 மில்லிமீட்டர் கனத்துக்கு அறுத்து, நான்கு துண்டுகளைப் பக்கவாட்டில் ஒட்டினால் உடலுக்கு வேண்டிய அகலம் கிடைத்துவிடும். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு என்பதால், இழைத்த அன்றே அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்டவேண்டும். ஒரு வாரம் வைத்திருந்து ஒட்டினால் பிடிப்பு குறைந்துபோகும்.

உங்கள் வட்ட வடிவத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வீணை மடியிலும் தரையிலும் அமர்கிறது. அதன் தண்டியின் கீழே சுரைக்குடுக்கை முட்டுக்கொடுக்கிறது. பேஸ் கிட்டார் அப்படியல்ல, தோளிலிருந்து தொங்குகிறது. நான்கு கனமான முறுக்காணிகள் நீண்ட கழுத்தின் கோடியில் இருக்கின்றன. உடலின் மேல்பக்கத்தில் கொம்புபோல ஒரு நீட்சி இருந்து, பெல்ட் மாட்டும் குமிழ் ஏறத்தாழ 12-ஆவது ஃப்ரெட் (கழுத்தின்மேல் பதித்த உலோக மெட்டு) வரை எட்டினால்தான் கருவி சமன் நிற்கும். வட்டமான உடலில் அந்தக் குமிழ் கழுத்தின் அடியிலேயே நின்றுவிடும். கையை எடுத்த மறுகணம் தலை தரையை நோக்கிக் கவிழும், நீங்கள் ஆராதனை முழுவதும் இடக்கையால் கழுத்தைத் தாங்கிக்கொண்டே வாசிக்கவேண்டியிருக்கும். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பிரசிஷன் பேஸின் மேல்கொம்பு அப்படி நீண்டிருப்பது வெறும் அழகுக்காக அல்ல. குடத்தின் வளைவை அடிப்பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே மட்டும் கொம்பை நீட்டுங்கள். முதலில் பழைய ப்ளைவுட்டில் உருவை வெட்டி, கழுத்தைத் திருகித் தோளில் மாட்டிப் பாருங்கள். ப்ளைவுட்டைவிடத் தடித்த தேக்கு உடலுக்கு எடை கூடுதல் என்பதால், இதில் சமன் நின்றால் அதிலும் நிற்கும்.

கழுத்தை முதல் முறை விலைக்கே வாங்கிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஃபெண்டர் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். கழுத்தைத் திருகாணிகளால் பூட்டும் அவருடைய அமைப்பில், கெட்டுப்போன கழுத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். வீணையில் மெழுகின்மேல் பதித்த மெட்டுகளை, மேளம் கட்டுபவர் (வீணைக்கு மெட்டு அமைப்பவர்) நகர்த்திச் சரிசெய்யலாம். கிட்டார் ஃப்ரெட்டின் காடியை ஒருமுறை அறுத்துவிட்டால் அறுத்ததுதான். நட்டு (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் அமரும் பட்டை) முதல் பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பாலம்) வரை 34 அங்குல அளவில், அதாவது 863.6 மில்லிமீட்டரில், மீதமுள்ள நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுத்துக்கொண்டே போகவேண்டும்: முதல் ஃப்ரெட் 48.5 மில்லிமீட்டரில், 12-ஆவது சரிபாதியான 431.8-இல், 20-ஆவது 591.6-இல் வரும். அடுத்த முறை நீங்களே அறுப்பதானால், ஒவ்வொன்றையும் முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளக்காமல் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். இல்லையென்றால் கால் மில்லிமீட்டர்ப் பிழைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

இனி, நான் தவறவிட்டதைச் சொல்கிறேன். என் முதல் கருவியில், கழுத்து உட்காரும் பள்ளத்தை உடலின் ஓரத்திலிருந்து அளந்து வெட்டினேன். அந்த ஓரமோ அரத்தாலும் உப்புத்தாளாலும் நானே தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியது. அதை நம்பி அளந்தது மடத்தனம். பள்ளம் அரைப் பாகை சாய்ந்திருந்தது கண்ணுக்கே தெரியவில்லை. அங்கிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் அந்தச் சாய்வு இரண்டரை மில்லிமீட்டராக விரிந்திருந்தது. தந்தி மாட்டியபோதுதான் தெரிந்தது: மிக மெல்லிய ஜி தந்தி விரற்பலகையின் விளிம்பை ஒட்டி ஓடியது, மேல் ஃப்ரெட்டுகளில் சற்று அழுத்தினாலே வெளியே வழுக்கி விழுந்தது. பிரிட்ஜைக் கழற்றி, ஐந்து துளைகளையும் அதே மரத்தின் குச்சிகளால் அடைத்து, நகர்த்தித் துளையிட்டேன். அந்தப் புள்ளிகளில் சில இன்றும் பிரிட்ஜுக்கு வெளியே தெரிகின்றன.

ஆகவே மரத்தைத் தொடுவதற்கு முன் முழு அளவில் வரைபடம் போட்டு, அதன் நடுவே ஒரு கோடு இழுங்கள். காகிதம் மழைக்காலத்தில் ஊதும் என்பதால் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் வரைவது நல்லது. பள்ளம், பிக்கப், பிரிட்ஜ் எல்லாவற்றையும் அந்த நடுக்கோட்டிலிருந்து மட்டுமே அளக்கவேண்டும். கழுத்தைப் பூட்டியபின், பிரிட்ஜுக்குத் துளையிடுவதற்கு முன், கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதைப்போல, முதல் தந்தியும் நான்காம் தந்தியும் போகும் வழியில் இரண்டு நூல்களை நட்டிலிருந்து இழுத்துக் கட்டுங்கள். பிரிட்ஜில் அவற்றின் இடைவெளி 57 மில்லிமீட்டர் இருக்கட்டும். கழுத்தின் இரு விளிம்புகளிலும் நூலுக்கு வெளியே ஒரே அளவு மரம் தெரிந்தால் மட்டும் துளையிடுங்கள்.

பிக்கப்பில் ஒரு சொல். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல், மிகத் தடித்த ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி சுரத்தின் 49 ஹெர்ட்ஸுக்கு மிக அருகில் இருக்கிறது. ஒற்றைச் சுருள் போட்டீர்களானால் ஜெபத்தின் அமைதியிலும் யாரோ அபசுரமாக ஜி வாசிப்பதுபோல் கேட்கும். 1957 முதல் பிரசிஷனில் வந்த, இரண்டாகப் பிளந்த பிக்கப்பில் இரு பாதிகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் அந்த இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். அதையே வாங்குங்கள். பிரிட்ஜின் அடியில் எர்த் கம்பி ஒன்றின் நுனியைப் பிரித்து வைத்துவிட்டுத் திருகவேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதை மறந்து, தந்தியெல்லாம் மாட்டி முடித்த பிறகு பிரிட்ஜை மீண்டும் கழற்றியிருக்கிறேன், இரண்டு கருவிகளிலும்.