சைட் இன்ஜினியரின் வேலை எது, எது இல்லை?

கேள்வி: சிவில் முடித்து ஓர் ஒப்பந்ததாரரிடம் சைட் இன்ஜினியராகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. சிமென்ட் மூட்டை எண்ணுகிறேன், ஆள் கணக்கு எழுதுகிறேன், ஆணி தீர்ந்தால் போய் வாங்கி வருகிறேன். மேஸ்திரிக்கு என்னைப்போல் இரண்டு மடங்கு வயது. நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுத் தன் போக்கில் செய்கிறார். உண்மையில் என் பொறுப்பு என்ன? அடுத்த வேலைக்குப் போக எந்த மென்பொருள் படிக்கலாம்?

பதில்: ஆணி வாங்கப் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் கடையில் நின்ற நேரத்தில் சைட்டில் எது மூடப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். கட்டடத்தில் ஒரு வேலையை அடுத்த வேலை மறைத்துக்கொண்டே போகும். குழியின் அடிமண்ணை பிசிசி (அடியில் போடும் கம்பியில்லாக் கான்கிரீட்) மூடும், கம்பியைக் கான்கிரீட் மூடும், சுவருக்குள் போன குழாயைப் பூச்சு மூடும், குளியலறையின் வாட்டர்புரூஃபிங்கை டைல்ஸ் மூடும். அதன்பிறகு பார்க்க வேண்டுமென்றால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும். மறையப்போகும் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே வரைபடத்தோடு ஒப்பிட்டு, ‘சரி, மூடலாம்’ என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் நாளை இதை வைத்துத் திட்டமிடுங்கள். பூச்சில் ஒரு மூலை கோணலாக வந்தால் நாளைக்கும் சரிசெய்யலாம், மேஸ்திரியே பார்த்துக்கொள்வார்.

முதலில் மறைவது மார்க்கிங், அதாவது கட்டடத்தின் கோடுகளைத் தரையில் குறிப்பது. நான்கு பக்கமும் அளந்து, மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று பாருங்கள். மூலைவிட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். எதிர்ப்பக்கங்களும் சமமாக இருந்தால்தான் அது செவ்வகம். தூண்களின் இடைவெளியை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று துண்டு துண்டாக அளக்காமல், ஒரு முனையில் டேப்பைப் பிடித்துத் தொடர் அளவாகவே குறியுங்கள். துண்டளவில் ஒவ்வொரு தூணுக்கும் 3 மி.மீ. தவறினால் எட்டாவது தூணில் அது 2 செ.மீ.க்கு மேல் வந்து நிற்கும். மட்டத்தையும் கீழ்த்தளத்தின் தரையிலிருந்து எடுக்க வேண்டாம். யாரும் இடிக்காத இடத்தில் ஒரு பெஞ்ச்மார்க் (மட்டத்துக்கான நிலையான குறி) வைத்து, எல்லா மாடிக்கும் அதிலிருந்தே கொண்டுபோங்கள்.

அடுத்தது கான்கிரீட் போடும் நாள். இளம் பொறியாளர்கள் மிக்சருக்குப் பக்கத்தில் நிற்பதையே அன்றைய வேலையாக நினைக்கிறார்கள். பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி முந்தைய நாளிலேயே முடிந்திருக்க வேண்டும். கையில் இருப்பது கடைசியாகத் திருத்தப்பட்ட வரைபடம்தானா? கம்பியின் விட்டம், இடைவெளி, லேப் (இரண்டு கம்பிகளின் முனைகள் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டப்படுவது) விழும் இடம், தூணும் பீமும் சேரும் இடத்தில் ஸ்டிரப் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) நெருக்கம், கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கிவைக்கும் கவர் பிளாக் எல்லாம் பாருங்கள். பால்கனி, சன்ஷேடு போன்ற, ஒரு முனையில் மட்டும் தாங்கப்படும் கேன்டிலீவரில் மட்டும் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். அங்கே முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். ஆட்கள் அதன்மேல் நடந்து நடந்து மிதித்தால் இறங்கிவிடும். 125 மி.மீ. தளத்தில் அடியிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி 70 மி.மீ.க்கு இறங்கினால், வளைவைத் தாங்கும் வலு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மேல்கம்பியைத் தாங்கும் சேர் கம்பிகள் போதுமான அளவு இருக்கின்றனவா, நடக்கப் பலகை போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது அதனால்தான்.

சென்ட்ரிங்கின் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டுகளும்) அடியிலும் குனிந்து போய்ப் பாருங்கள். 150 மி.மீ. தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 375 கிலோ. 100 சதுர மீட்டர் தளம் போட்டால் 37 டன்னுக்கு மேல் ஈரக் கான்கிரீட் முட்டுகளின் மேல் நிற்கிறது. ஆட்களின் எடை தனி. ஒரு முட்டுக்கு அடியில் வெறும் செங்கல் துண்டோ இளகிய மண்ணோ இருந்தால் மேலே எத்தனை முட்டு வைத்தும் பயனில்லை.

லாரியோ மிக்சரோ வந்ததும் ‘கொஞ்சம் தண்ணி விடுங்க, ஓடமாட்டேங்குது’ என்று ஒரு குரல் வரும். ஒரு கன மீட்டரில் 360 கிலோ சிமென்டும் 180 லிட்டர் தண்ணீரும் இருந்தால் தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.50. சும்மா 20 லிட்டர் சேர்த்தால் 0.55ஐத் தாண்டிவிடும், வலிமையும் இறங்கும். இளக்கம் போதவில்லை என்றால் அதற்கு அட்மிக்ஸர் என்ற சேர்மானம் இருக்கிறது. கலவையை வடிவமைத்தவரிடம் கேளுங்கள். 300 மி.மீ. உயரக் கூம்பை வைத்து ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) பார்க்கச் சில நிமிடம் போதும். 150 மி.மீ. கியூப் (சோதனைக்கான கான்கிரீட் கனசதுரம்) எடுங்கள், 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைக்கக் கொடுங்கள். ஆனால் கியூப் சொல்வது கலவையின் தரத்தை மட்டும்தான். கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் எட்டாத தூணின் அடியில் தேன்கூடு போல ஓட்டைகள் விழுந்திருந்தாலும் கியூப் நன்றாகவே தேறும். கியூப் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து நிம்மதி அடைபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

கான்கிரீட் போட்டபின் அவசரப்படும் இடம் பலகை பிரிப்பதும், மேலே சுமை ஏற்றுவதும். 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் வில்லோ ஐலண்டில் ஒரு மின்நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாரம், முந்தைய நாள் போட்ட கான்கிரீட்டைப் பிடித்துத்தான் நின்றது. அது போதிய வலிமை பெறாத நிலையில் சுமை ஏறியதால் பெயர்ந்தது. சாரத்தோடு விழுந்து 51 தொழிலாளர்கள் இறந்தார்கள். நாள்காட்டியைப் பார்த்துப் பலகை பிரிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. குளிர் இருந்தால் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். சைட்டிலேயே, அதே வெயிலிலும் குளிரிலும் வைத்த கியூபை உடைத்துப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள்.

இனி, உங்கள் வேலை இல்லாதது. வரைபடத்தை மாற்றுவது உங்கள் வேலை இல்லை. இந்தக் கம்பி கிடைக்கவில்லை, அதற்குப் பதில் இதைப் போடலாமா, பீமில் ஒரு ஓட்டை போட்டுக் குழாயை விடலாமா என்று தினமும் கேட்பார்கள். சின்ன மாற்றமாகத்தான் தெரியும். 1981இல் கன்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்ததற்குக் காரணம் அப்படி ஒரு மாற்றம்தான். இரண்டு நடைபாதைகளையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிட வேண்டியதை, வேலை எளிதாகட்டும் என்று இரண்டு கம்பிகளாகப் பிரித்தார்கள். மேல் நடைபாதையின் இணைப்பில் சுமை இரட்டிப்பானது. ஆகவே கட்டமைப்பைத் தொடும் எதற்கும் நீங்கள் சொல்ல வேண்டியது ‘ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் எழுதிக் கேட்கிறேன், பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்’ என்பதுதான். அடுத்த வேலையைக் காட்டாமல் நிறுத்தினால் கூலி கெடும், உங்கள் பேச்சும் எடுபடாது.

மேஸ்திரி விஷயத்துக்கு வருகிறேன். எப்படிச் செய்வது என்பதில் அவர் உங்களைவிடக் கெட்டிக்காரர், அதை வாய்விட்டு ஒப்புக்கொள்ளுங்கள். எங்கே, எவ்வளவு, எத்தனை என்பதில் மட்டும் வரைபடம் பேசட்டும். ஆட்கள் முன்னால் அவரைத் திருத்தாதீர்கள். முந்தைய மாலையே அவரை அழைத்து, ‘அண்ணே, நாளைக்கு இந்தப் பீமில் இப்படி வருது, எப்படிக் கட்டுவீங்க?’ என்று வரைபடத்தை விரித்துக் கேளுங்கள். கம்பி கட்டி முடித்தபின் பிரிக்கச் சொன்னால் எந்த மேஸ்திரிக்கும் கோபம் வரும், அது நியாயமும்கூட. இவ்வளவுக்குப் பிறகும் கேட்கவில்லை என்றால் சண்டை போட வேண்டாம். ப்ராஜெக்ட் மேனேஜருக்கு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

எழுத்து என்றதும் நாட்குறிப்பு. வானிலை, ஆள் எண்ணிக்கை, கான்கிரீட் தொடங்கிய முடிந்த நேரம், கியூப் எண், போனில் யார் என்ன மாற்றச் சொன்னார் என்பது வரை அன்றன்றே எழுதுங்கள். மூடும் முன் டேப் வைத்துப் படம் எடுங்கள். பில் போடும்போது மறைந்த வேலையின் அளவை யாராவது மறுத்தால் அந்தப் படம்தான் பேசும்.

மூட்டை எண்ணுவது ஸ்டோர்காரர் வேலை. வந்தது, போனது, முடிந்த வேலைக்குக் கணக்குப்படி ஆக வேண்டியது மூன்றையும் ஒப்பிடுவது உங்களுடையது. கம்பிக்கு, விட்டத்தை மி.மீ.யில் வர்க்கப்படுத்தி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும், 16 மி.மீ. கம்பி 1.58 கிலோ. லாரி எடைச்சீட்டோடு ஒத்துப்பாருங்கள்.

பாதுகாப்பு அதிகாரி தனியாக இருந்தாலும் குழி தோண்டும் இடம் உங்கள் கண்ணில் இருக்கட்டும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே கொட்டவிடாதீர்கள், பக்கச் சரிவோ தாங்கு பலகையோ இல்லாத ஆழக் குழியில் யாரையும் இறக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் யாரையும் கேட்காமல் வேலையை நிறுத்தலாம்.

மென்பொருளுக்கு அவசரமில்லை. ஸ்ப்ரெட்ஷீட்டில் கம்பிப் பட்டியல் தானே கூட்டும்படி செய்யத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும். அதற்குமுன் மட்டம் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவலை நன்றாகக் கையாளக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு முளை அடித்து, நடுவில் கருவியை வைத்து ஒரு தடவையும் ஒரு முளைக்கு அருகில் வைத்து ஒரு தடவையும் மட்ட வித்தியாசம் எடுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் கருவியில்தான் பிழை. சர்வீஸுக்கு அனுப்பிவிட்டு, அதுவரை இரு பக்கமும் சம தூரத்தில் வைத்தே மட்டம் எடுங்கள்.