பிரஷருடன் பிள்ளைத்தாய்ச்சி: கேள்வி பதில்

கர்ப்பத்துக்கு முன்போ, கர்ப்பத்தின் முதல் 20 வாரங்களிலோ குருதி அமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் காணப்பட்டவர்களின் கேள்விகளுக்கு, கொழும்பில் நெடுங்காலம் கர்ப்பிணிகளின் கிளினிக் நடத்திய பொது வைத்திய நிபுணர் ஒருவர் பதிலளிக்கிறார்.

வெள்ளவத்தை: டொக்டர், எனக்கு வயது 34. மூன்று வருடமாக லொசாட்டன் எடுக்கிறேன். இப்போது கர்ப்பம் என்று தெரிந்திருக்கிறது. நிறுத்துவதா, தொடர்வதா?

லொசாட்டனைத் தொடரக் கூடாது. ஆனால் நிறுத்திவிட்டு மாதாந்தத் தவணை வரும்வரை வீட்டில் இருக்கவும் கூடாது. இன்றோ நாளையோ வைத்தியரிடம் சென்று மாற்று மருந்து எழுதுவித்துக்கொள்ளுங்கள். லொசாட்டனும் எனலாபிரில் வகையும் வயிற்றிலுள்ள பிள்ளையின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை. கர்ப்பத்தின் பிற்பாதியில் பன்னீர்க்குடத்து நீரில் பெரும்பங்கு பிள்ளையின் சிறுநீரே என்பதால், சிறுநீர் குறைந்தால் குடத்து நீரும் குறையும், நீர் குறைந்தால் நுரையீரல் வளர்ச்சியும் குன்றும். லேபெட்டலோல், நிஃபெடிபைன், மெதில்டோபா ஆகிய மூன்றும் கர்ப்பத்தில் நீண்டகாலமாகப் பழகிய மருந்துகள். உங்களுக்கு முட்டு, அதாவது ஆஸ்மா, இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். முட்டு உள்ளவர்களுக்கு லேபெட்டலோல் ஆகாது. 12 வாரமானதும் குறைந்த அளவு அஸ்பிரின் வேண்டுமா என்றும் கேளுங்கள். பழைய மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். "சின்ன வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் எந்த வைத்தியராலும் கண்டுபிடிக்க முடியாது.

கொட்டாஞ்சேனை: ஐந்தாம் மாதம். பிரஷர் 118/74 ஆக இறங்கிவிட்டது. மாத்திரையை விடலாமா?

நடுமாதங்களில் குருதிக் குழாய்கள் தளர்வதால் அமுக்கம் தானாக இறங்குவது வழமை. கடைசி மாதங்களில் அது மறுபடி ஏறும். அளவைக் குறைப்பதா என்பதை உங்கள் வைத்தியர் தீர்மானிக்கட்டும். நீங்களாக நிறுத்தவேண்டாம்.

மட்டக்குளி: கிளினிக்கில் ஒரு கணக்கு, வீட்டு மெசினில் இன்னொரு கணக்கு. எதை நம்புவது?

ஒருமுறை ஒரு தாய் மாமனாரின் மெசினைச் சீலைப் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். வீட்டில் 150, 152 என்று பார்த்துப் பயந்து இரண்டு இரவு தூங்கவில்லை. கைப்பட்டியைப் பிரித்துப் பார்த்தேன். ஓரத்தில் 22 முதல் 32 சென்ரிமீற்றர் என்று அச்சிட்டிருந்தது. அவரது மேற்கையோ 36. பெரிய பட்டியைக் கட்டியதும் 134. கைக்குச் சிறிய பட்டி அமுக்கத்தைக் கூட்டியே காட்டும். ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி அளவிடுங்கள். மாடிப்படி ஏறிய மூச்சோடும், தேநீர் குடித்த கையோடும் அளவிடக் கூடாது. மெசினை ஒருமுறை கிளினிக்குக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மருதானை: எனக்குச் சீனி வருத்தமும் உண்டு. என்ன சாப்பிடலாம்?

அதை உங்கள் நீரிழிவு கிளினிக்கில் கேளுங்கள்.

பம்பலப்பிட்டி: மருமகளுக்குத் தடிமன். குடிநீர் அவித்துக் கொடுக்கலாமா?

கொத்தமல்லியும் சிறிது இஞ்சியும் போதும், அம்மா. அதிமதுரத்தை மட்டும் போடாதீர்கள். அது உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, அமுக்கத்தை ஏற்றும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

கிராண்ட்பாஸ்: தலையிடியே இல்லை. மாத்திரையை நிறுத்தலாமா?

கொட்டாஞ்சேனைக்கு எழுதியதை வாசியுங்கள். தலையிடி இல்லாதவர்களுக்கும் 170 இருப்பதுண்டு.

தெஹிவளை (ஓய்வுபெற்ற தாதி): எங்கள் காலத்தில் 160 வரும்வரை மருந்து தொடங்க மாட்டார்கள். அமுக்கத்தைக் குறைத்தால் பிள்ளைக்கு இரத்தம் போகாது, வளர்த்தி குன்றும் என்று படித்தோம். இப்போது 140க்கே மருந்து எழுதுவது சரியா?

அது நியாயமான பயந்தான். நானும் அப்படித்தான் படித்தேன். 2022இல் அமெரிக்காவில் வெளியான சாப் ஆய்வில் 2,408 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 140/90க்குக் கீழ் வைக்க மருந்து கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்குக் கடும் அளவைத் தொட்டால் மாத்திரம். கடும் முன்சூல்வலிப்பு (கர்ப்பத்தில் அமுக்கம் ஏறி உறுப்புகளைத் தாக்கும் நோய்), 35 வாரத்துக்கு முன் பிறப்பிக்க நேர்தல், நச்சுக்கொடி முன்கூட்டியே கழலுதல், சிசு இறப்பு ஆகியவற்றில் ஏதேனும் நேர்ந்தோர் முதற்பிரிவில் 30.2 வீதம், மற்றதில் 37.0 வீதம். வளர்த்தி குன்றிய பிள்ளைகளின் தொகையிலோ சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

தெஹிவளை: அது அமெரிக்கப் பெண்கள். எங்கள் மெலிந்த பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு ஒத்துவருமா?

உங்கள் கேள்வியில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆய்வு 140க்குக் கீழ் வைக்கச் சொன்னதே தவிர, 100க்கு இறக்கச் சொல்லவில்லை. 110/70க்குக் கீழே போய் நின்றால் நானே மருந்தைக் குறைப்பேன். 28 வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்கொரு முறை வளர்ச்சி ஸ்கான் செய்வதும் உங்களுடைய இதே பயத்துக்காகத்தான். ஆனால் 155ஐப் பார்த்துவிட்டு "இன்னும் 160 ஆகவில்லை" என்று தாயை வீட்டுக்கு அனுப்பும் பழக்கத்தை விடவேண்டும்.

தெஹிவளை: ஸ்கான் ஒழுங்காகச் செய்வார்களானால் எனக்கு மறுப்பில்லை.

எனக்கும் இல்லை.

வத்தளை: நிஃபெடிபைனால் கால் வீங்குகிறது. நிறுத்தலாமா?

நிறுத்தலாமா என்ற கேள்வி இன்று மூன்றாம் முறை. கணுக்கால் வீக்கம் அந்த மருந்தாலும் வரும். முகமும் கையும் திடீரென வீங்கினாலோ, கண்ணில் மினுங்கல் தெரிந்தாலோ, வலது விலாவின் கீழ் நொந்தாலோ சிறுநீரில் புரதம் பார்க்க உடனே போங்கள்.

பொரளை: பிள்ளை பிறந்து நாலு நாள். வீட்டுக்கு வந்துவிட்டோம், மாத்திரை முடிந்துவிட்டது. இப்போது 164/112, தலையிடியும் இருக்கிறது. திங்கட்கிழமை போகலாமா?

திங்கட்கிழமை அல்ல, இப்போதே. பிரசவத்தின் பின் 3 முதல் 6 நாட்களில்தான் அமுக்கம் உச்சத்துக்கு ஏறும். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். பிள்ளை பெற்று நாலு நாள் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். கிளினிக் கொப்பியை மறக்காதீர்கள். பால் குடிக்கும் பிள்ளையையும் துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு புறப்படுங்கள்.