பள்ளிக்கூடம் காணிக்காரப் பிள்ளைகளை என்ன செய்கிறது?

கன்னியாகுமரி மாவட்ட மலைகளில் வாழும் பழங்குடியினர் காணிக்காரர்கள். மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படிக்கும் அவர்களின் பிள்ளைகள் தங்கள் இனத்தை மறந்துவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மறப்பதில்லை. ஆனால் தாங்கள் யார் என்று உணரும் விதம் மாறிவிடுகிறது.

குடியிருப்பில் வளரும் பிள்ளைக்கு முதலில் தெரிவது இல்லம், அதாவது குலப்பிரிவு: மூட்டில்லமா, மேனில்லமா, யார் அண்ணன் தம்பி முறை, யார் மச்சம்பி முறை (மணம் செய்துகொள்ளக்கூடிய உறவு). விடுதியில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. கோதையாறு, தச்சமலை, மோதிரமலை என்று வெவ்வேறு குடியிருப்புப் பிள்ளைகள் ஒன்றாகப் படுத்து எழும்போது எல்லோரும் வெறும் 'காணி' ஆகிவிடுகிறார்கள். இதை முழு நஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி நிலம் கேட்டு நிற்க, குடியிருப்பு கடந்த இந்த உறவு வேண்டும்.

உண்மையான நஷ்டம் சாற்றுப்பாட்டில், அதாவது சாற்று என்னும் சடங்கில் பாடும் பாட்டில். சடங்கை நடத்தும் பூசாரியான பிலாத்தி, கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி விடிய விடியப் பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடித்தான் அதைப் படிக்க முடியும். அதற்கான வயதும் பள்ளிக்கூட வயதும் ஒன்றே. ஆண்டுவிழா மேடையில் ஐந்து நிமிடம் பாடினால் சடங்கின் வரிசை பிடிபடாது. குடியிருப்பில் சாற்று நடக்கும் நாளில் விடுதிப் பிள்ளைக்கு விடுப்பு கொடுப்பதே உருப்படியான வழி.

அடுத்தது பேச்சு. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு இந்தப் பக்கத்துக் காணிப் பிள்ளைகள் தமிழிலும், திருவனந்தபுரம் பக்கத்துப் பிள்ளைகள் மலையாளத்திலும் படிக்கிறார்கள். வீட்டுப் பேச்சோ இரண்டுக்கும் நெருக்கமானது, இரண்டும் அல்ல. முதல் வகுப்பில் அதைத் தப்பு என்று திருத்தினால் பிள்ளை வாய் திறக்காது. அந்த மௌனத்தை மந்தம் என்று நினைத்துவிடுகிறோம். பிறகு வீட்டிலும் அம்மாவிடம் தமிழிலேயே பதில் சொல்லத் தொடங்கும். முதல் ஆண்டிலாவது பதிலை எந்தப் பேச்சில் சொன்னாலும் ஏற்றுக்கொண்டு, அதையே தமிழில் ஒருமுறை சொல்லிக்காட்டுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அங்கே இதைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம்.

கடைசியாக, இனத்தைக் காகிதத்தில் காட்டும் சாதிச் சான்றிதழைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை தள்ளிப்போடாதீர்கள். பழங்குடியினருக்குத் தாசில்தார் தருவதில்லை, வருவாய்க் கோட்ட அளவில்தான் கிடைக்கும். நம் மலைப்பகுதிக்குப் பத்மநாபபுரம் சார் ஆட்சியர் அலுவலகம். விசாரணைக்கு நாளாகும். பள்ளிப் பதிவேட்டில் இனப்பெயர் வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தால் இன்னும் இழுக்கும். ஐந்தாம் வகுப்பிலேயே அதைச் சரிபார்த்து, அப்பா அல்லது அண்ணன், அக்காவின் சான்றிதழையும் சேர்த்து இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.