காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டு மெட்டீரியல்ஸ் ஆராய்ச்சிக்கான நூல்கள், கட்டுரைகள், தரவுகளை எங்கே தேடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: காரைக்குடி அருகே ஒரு தனியார் கல்லூரியில் எம்.இ. படிக்கிறீர்கள், செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புக் காரையைப் பற்றி ப்ராஜெக்ட், கல்லூரி நூலகத்தில் ஜர்னல் அதிகம் இல்லை, எங்கே போவது? நானும் இதே பகுதியில் இதே பொருளோடு மல்லுக்கட்டியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜர்னல் கட்டுரையில் ஆரம்பிக்காதீர்கள். ஆய்வேட்டில் ஆரம்பியுங்கள். கட்டுரை என்பது பக்கக் கணக்குக்குள் அடக்கி எழுதியது. சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் ஊறியது, எந்தச் சல்லடையில் சலித்தார்கள், மாதிரியை எப்படி உலர்த்தினார்கள் என்பதெல்லாம் அதில் இரண்டு வரியில் முடிந்துவிடும். பிஎச்.டி. ஆய்வேட்டில் அதற்கென்று ஓர் அத்தியாயமே இருக்கும். முதன்முதலாக ஆய்வகத்தில் கை வைக்கப் போகிறவருக்கு அந்த அத்தியாயம்தான் வாத்தியார். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் முழுதாகவே கிடைக்கின்றன. ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று 2009-இல் யுஜிசி விதி கொண்டுவந்த பிறகு வளர்ந்த களஞ்சியம் அது. கட்டணம் கிடையாது. அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனி பிடிஎஃப் ஆக இருக்கும். முதலில் இலக்கிய ஆய்வு அத்தியாயத்தையும் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒருவர் பல வருடம் தேடிச் சேர்த்தது மொத்தமாகக் கையில் வந்துவிடும். அழகப்பா பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டும் தேடுங்கள். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியில் ஆராய்ச்சி செய்து இந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகளும் அதில் வரும்.

அடுத்து, தேடும் சொல். "செட்டிநாடு பிளாஸ்டர்" என்று கூகுளில் அடித்தால் ஹோட்டல்களும் சுற்றுலாப் படங்களும் வீட்டு அலங்கார விளம்பரங்களும்தான் வரிசை கட்டும். பொருளை அதன் பெயரால் தேடாமல், அதற்குள் என்ன இருக்கிறது, என்ன நடக்கிறது என்பதை வைத்துத் தேடுங்கள். கடுக்காய் என்றால் டானின், வெல்லம் என்றால் சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு என்றால் புரதம். நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கால்சைட்டாக, அதாவது கால்சியம் கார்பனேட் படிகமாக, மாறுவது கார்பனேஷன். லைம் மார்ட்டர், ஆர்கானிக் அடிட்டிவ், கார்பனேஷன் என்று இவற்றை ஆங்கிலத்தில் சேர்த்து அடித்துப் பாருங்கள், கதவு திறக்கும். சீனாவில் பழைய காலத்தில் பசையரிசிக் கஞ்சியைச் சுண்ணாம்பில் கலந்து கட்டியிருக்கிறார்கள். அதை ஆராய்ந்தவர்கள், அரிசியிலுள்ள அமைலோபெக்டின் என்ற மாவுப்பொருள்தான் கால்சைட் படிகங்கள் பெரிதாக வளராமல் கட்டுப்படுத்திக் கலவையை நெருக்கமாக்குகிறது என்று காட்டியிருக்கிறார்கள். நம் ஊர் வெல்லத்துக்கும் கடுக்காய்க்கும் நீங்கள் கேட்கப்போகும் கேள்வி கிட்டத்தட்ட இதேதான். ஊர்ப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் அந்த ஆய்வுகள் கண்ணிலேயே படாது.

சரி, மாதிரியை அரைத்து எக்ஸ்ஆர்டிக்கு (எக்ஸ் கதிர் பாய்ச்சிப் படிகங்களை அடையாளம் காணும் சோதனை) கொடுத்து கிராஃப் வந்துவிட்டது என்று வையுங்கள். அதில் எந்த பீக் (உச்சி) எந்தப் பொருள்? பீக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஐசிடிடி தரவுத்தளம் காசு கொடுத்து வாங்க வேண்டியது. உங்களுக்கு இலவசமாக கிரிஸ்டலோகிராஃபி ஓப்பன் டேட்டாபேஸ் இருக்கிறது, கனிமங்களுக்கென்றே அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 'ரஃப்' தளம் இருக்கிறது. தாமிர கே-ஆல்ஃபா கதிரில் பார்த்தால் கால்சைட்டின் பெரிய பீக், கிராஃபின் கிடை அச்சிலுள்ள இரண்டு தீட்டா கோணத்தில் 29.4 டிகிரி அருகே நிற்கும். இன்னும் மாறாத கால்சியம் ஹைட்ராக்சைடு 18.0, 34.1 டிகிரிகளில் காட்டும். ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு படிக வடிவமான அரகோனைட் 26.2-இல் வரும், மணலிலுள்ள குவார்ட்ஸ் 26.6-இல் ஓங்கி நிற்கும். அந்த உயரத்துக்குப் பக்கத்தில் சின்ன அரகோனைட் பீக் அமுங்கிப்போகும். அதனால் 27.2, 45.9 ஆகிய இடங்களையும் பார்த்த பிறகே அரகோனைட் உண்டு, இல்லை என்று எழுதுங்கள். இந்த மாதிரி சரிபார்ப்புக்குத்தான் இலவசத் தரவுத்தளங்கள் தங்கம்.

உலோகம், பேட்டரி என்று வேறு பொருளில் வேலை செய்யும் நண்பர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட் தளத்தில் உள்ள பெரும்பாலான எண்கள் கணினியில் கணக்கிட்டவை, ஆய்வகத்தில் அளந்தவை அல்ல. அளந்த மதிப்போடு ஒப்பிடும்போது அதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். வெப்பவேதியியல் மதிப்புகளுக்கு அமெரிக்காவின் நிஸ்ட் வெப்புக் தளம், உலோகங்களின் க்ரீப் (நீண்ட நாள் சுமையில் மெல்ல நீள்வது) தரவுக்கு ஜப்பானின் நிம்ஸ் நிறுவனம். அடிப்படை தெரியாமல் திணறினால் கேம்பிரிட்ஜின் டாய்ட்பாம்ஸ் பாடங்களும் என்பிடெல் வீடியோக்களும் போதும்.

சோதனை முறைக்கு இந்தியத் தரநிலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடச் சுண்ணாம்புக்கு ஐஎஸ் 712, அதன் சோதனைகளுக்கு ஐஎஸ் 6932. இவற்றை வெளியிடும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) தளத்தில் பதிவு செய்து இலவசமாகவே இறக்கலாம். இது தெரியாமல் காசு கொடுத்து அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் தரநிலைகளை வாங்க வேண்டுமோ என்று கவலைப்படும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது.

இப்போது ஜர்னல்கள். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதில் அடக்கம். ஆனால் முதல் கட்டம் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும்தான். உங்களைப் போன்ற தனியார் கல்லூரி மாணவர்கள் வெளியே நிற்கிறீர்கள். இது நியாயமில்லை என்பதுதான் என் எண்ணம், ஆனால் அது மாறும்வரை காத்திருக்க முடியாது. உங்கள் கல்லூரி, நூலகங்களை இணைக்கும் டெல்நெட் அமைப்பில் உறுப்பினரா என்று நூலகரிடம் கேளுங்கள். உறுப்பினர் என்றால் வேறு நூலகத்திலுள்ள கட்டுரையை வரவழைத்துத் தருவார். உலாவியில் அன்பேவால் நீட்சியைப் போட்டுவைத்தால், பூட்டிய கட்டுரைக்குச் சட்டப்படி இலவசப் பிரதி எங்கேனும் இருந்தால் அதுவே காட்டும். கூகுள் ஸ்காலரில் 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பையும் தட்டிப் பாருங்கள். இந்திய அறிவியல் அகாடமியின் (இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ்) 'புல்லட்டின் ஆஃப் மெட்டீரியல்ஸ் சயின்ஸ்' கட்டுரைகளை அவர்கள் தளத்திலேயே படிக்கலாம்.

ஏஐயிடம் மேற்கோள் கேட்பவர்கள், அது தரும் ஒவ்வொரு டிஓஐ எண்ணையும் (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) கிராஸ்ரெஃப் தளத்தில் போட்டுப் பாருங்கள். இல்லாத கட்டுரைக்கு அழகான தலைப்பு கொடுத்துவிடும்.

அப்புறம் சிக்ரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் இந்த மண்ணுக்கு வந்த நிறுவனம். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். அரிப்பு, மின்முலாம், பேட்டரி என்று மெட்டீரியல்ஸ் துறையின் பாதி விஷயத்துக்கு நாட்டிலேயே பெயர் பெற்ற இடம். அதன் மதிலை ஒட்டி தினமும் பஸ்ஸில் போகிற மாணவர்கள், உள்ளே ஒரு நூலகம் இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பதே இல்லை. நேரே வாசலில் போய் நிற்காதீர்கள். துறைத் தலைவரின் கடிதம் வாங்கி, எந்தக் கட்டுரை, எந்த வால்யூம், எந்தப் பக்கம் என்று பட்டியல் போட்டு, நூலகருக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி கேளுங்கள். பொதுவாகப் பார்க்க வேண்டும் என்று கேட்பவரைவிட, இந்தப் பக்கங்கள் வேண்டும் என்று கேட்பவருக்கு உதவுவது அவர்களுக்கும் சுலபம். பாடநூல்களை உட்கார்ந்து படிக்க மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

எந்த நூலகத்திலும் இல்லாத ஒன்று உங்கள் பொருளில் இருக்கிறது. காரை அரைத்துப் பூசிய பெரிய கொத்தனார்கள். பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் இடங்களில் விசாரித்தால் காட்டிவிடுவார்கள். "ஐயா, கடுக்காயை எத்தனை நாள் ஊறப்போடுவீங்க, எத்தனை படி சுண்ணாம்புக்கு எவ்வளவு வெல்லம்?" என்று கேளுங்கள். அவர்கள் படிக்கணக்கில் சொல்வதைப் படிக்கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எடைக்கு மாற்றுவது அப்புறம், அவர்கள் பயன்படுத்தும் அதே படியில் அதே சுண்ணாம்பை அளந்து எடை போட்ட பிறகு. முடிந்தால் அவர்கள் குழைத்த கலவையில் ஒரு பிடி வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, தேதி ஒட்டி ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். திறந்து வைத்தால் வழியிலேயே கார்பனேஷன் தொடங்கிவிடும்.